லொறிக்காரர் கேட்ட பாட்டு

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனைப் பிடித்துக்கொண்டுதான் பேனாவைத் திறப்பது வழக்கம். நாமும் இப்பகுதியில் ஒன்றுக்கு இரு முறை அக் குற்றத்தைச் செய்திருக்கிறோம். நிலாக் காலத்து இரவில் கல்லடிப் பாலத்தடியே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறு முனையைக் காதோடு சேர்த்தால் வாவிக்குள்ளிருந்து இசை கேட்கும் என்று எழுதினோம். மீன்தான் பாடுகிறதா, ஊரி பாடுகிறதா என்ற வழக்கையும் வாசகர் முன்னே விரித்து வைத்தோம். அதைப் படித்துவிட்டு ஒருவர் நம்மைத் தேடி வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார்:

“ஐயா, முப்பத்தெட்டு வருசம் அந்தப் பாலத்தால லொறி ஓட்டினேன். எனக்கு ஒரு மீனும் பாடினதில்ல. நீங்க எழுதினது மெய்தானா?”

வந்தவர் கல்லடியைச் சேர்ந்த பழைய லொறிச் சாரதி. பதினாறு வயதிற் கிளீனராக ஏறியவர். 1975ஆம் ஆண்டில் சுக்கானைப் பிடித்தார். அதனை விட்டது 2013இல். அந்த ஆண்டிலேதான் கல்லடியிற் புதுப் பாலம் திறக்கப்பட்டு, மனிங் தேசாதிபதியின் பாரியார் பெயரைச் சூடிய பழைய இரும்புப் பாலத்துக்குக் கனரக வாகனங்களின் தொல்லை நீங்கியது. “பாலத்துக்கும் எனக்கும் ஒரே வருசத்தில பென்சன்” என்பது அவருடைய வார்த்தை. பழைய பாலம் ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய அகலமுடையது. இக்கரையில் நின்று, அக்கரை வண்டிகள் வந்து முடியக் காத்திருந்து, முறை வந்ததும் ஓடித் தீர்க்கவேண்டும். நடுவில் எஞ்சினை நிறுத்தி மீன் பாட்டுக் கேட்கப் போனால், பின்னால் நிற்பவர்கள் பாடும் பாட்டையன்றோ கேட்க நேரிடும்!

அவருடைய வினாவுக்கு நம்மிடம் அப்போது விடை இருக்கவில்லை. ஆனால், சென்ற ஞாயிறன்று பிற்பகல் அவர் வீட்டு விறாந்தையில் நாமும் போய் உட்கார்ந்தோம். அவரோடொத்த பழைய சாரதிகள் மூவர் வந்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டம் நடுவிலிருந்தது. அங்கே நாம் கேட்டவற்றை இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் பாதை முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி கடந்து, ஓட்டமாவடியில் ஆற்றைத் தாண்டி, புணானைக் காட்டுக்குள் நுழைந்தால் வெலிக்கந்தை. பின்பு மன்னம்பிட்டியில் மகாவலி. பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போய்ப் புறக்கோட்டையிற் சரக்கை இறக்குவது. போகும்போது நெல், அரிசி, கருவாடு, சட்டி சட்டியாக எருமைத் தயிர். வரும்போது மா, சீனி, சீமெந்து, வெங்காயம். ஓட்டமாவடியிலும் மன்னம்பிட்டியிலும் அக்காலத்திற் புகையிரதத்துக்கும் லொறிக்கும் ஒரே பாலந்தான். மன்னம்பிட்டிக்கு 2007இலும் ஓட்டமாவடிக்கு 2010இலும் வாகனங்களுக்கெனத் தனிப் பாலங்கள் வந்தன. அதுவரையும் தண்டவாளத்தின் மீதே சில்லுகளை உருட்டிக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் ஒரு கண் வைத்துப் போனவர்கள் இவர்கள்.

ஆனால், லொறியில் ஏற்றிய சரக்கு வேறு. சாரதி சுமந்த சரக்கு வேறு. அவர் கொழும்புக்குப் போகிறார் என்று தெரிந்தால் ஊரே வந்து நிற்கும். ஒருவருக்கு மருந்துத் துண்டு. ஒருவருக்குத் தையல் இயந்திரத்தின் சிறு உறுப்பொன்று. ஒரு பெண்பிள்ளைக்குக் கல்யாணச் சேலை, அதுவும் “மாம்பழ நிறம், ஆனா பழுத்த மாம்பழம் இல்ல” என்ற விளக்கத்தோடு! இவற்றிற்குக் கூலி கிடையாது. பிழைத்தால் மட்டும் ஏச்சு உண்டு.

வாவிக்கு எழுவான்கரை, படுவான்கரை என இரு கரை உண்டென்பதை இப்பகுதி வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. பிற ஊராருக்காகச் சொல்கிறோம். சூரியன் எழும் பக்கம் கடலோடு ஒட்டிய எழுவான்கரை. சூரியன் படும் பக்கம் வயலும் மாட்டுப் பட்டியுமாகப் படுவான்கரை. மண்முனையிற் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன்னர் அங்கே ஆட்கள் ஓடத்தில் வாவியைக் கடந்தார்கள். நெல் ஏற்றும் லொறியோ வலையிறவாலோ பட்டிருப்பாலோ சுற்றித்தான் வரவேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் அறுவடைக் காலத்தில், படுவான்கரைக் கிராமமொன்றிலே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார் நம் சாரதி. ஓர் ஆச்சி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“வரக்குள்ள எனக்கொரு கண்ணாடி வாங்கிட்டு வா மனே.”

“பெரிசா, சின்னனா ஆச்சி?”

“முகத்துக்கு அளவாப் பாத்து வாங்கு.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதருக்குச் சொல்ல இயலுமா? புறக்கோட்டையில் நாட்டாமைகள் மூட்டை இறக்கி முடிக்குமுன்னே, வட்டச் சட்டமிட்ட நல்ல முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வாங்கிவிட்டார். பாதைக் குலுக்கலில் உடைந்துவிடக் கூடாதென்று, கிளீனர் பையன் அதை மடியிலே வைத்துக் கைக்குழந்தையைப் போல் அணைத்தபடி முந்நூறு கிலோமீற்றரும் வந்தான். ஆச்சி கடதாசியைப் பிரித்தாள். சிறிது நேரம் பேச்சில்லை.

“இது ஆரு மனே, இந்தக் கிழவி?”

அவள் கேட்டது மூக்குக்கண்ணாடி. அரிசியிற் கல் தெரியவில்லை. பேரப்பிள்ளைகளின் சோற்றிற் கல் கடிபடுகிறது. அதற்காக வேண்டிய கண்ணாடி. கணவன் இறந்த நாள் தொட்டு அவள் முகம் பார்த்ததில்லையாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சாரதிக்கோ நிலத்துக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. திருப்பிக் கொடுத்து மாற்றி வருகிறேன் என்று கையை நீட்டினார். அவள் தரவில்லை. “இருக்கட்டும், இவளையும் பாத்துக் கனகாலம்” என்று சொல்லி, வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டாளாம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாமும் சிரித்துவிட்டு எழுந்திருப்போம். மூக்குக்கண்ணாடி என்பது கடையிற் கேட்டு வாங்கும் பொருளன்று, கண்ணைக் காட்டி வாங்கவேண்டியது என்று எவரோ சொல்ல, அடுத்த நடையில் ஆச்சியையே லொறியின் முன்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் அவர். குடையும் வெற்றிலைப் பெட்டியுமாக அவள் ஏறியிருந்த கோலத்தைப் பார்த்து, வலையிறவுப் பாலத்தில் நின்றவர்கள் யாரோ பெரிய இடத்து அம்மாள் போகிறாள் என்று வழிவிட்டார்களாம். கண்ணிற் பூ விழுந்திருக்கிறது, கண்ணாடியாற் பயனில்லை, சத்திரசிகிச்சை வேண்டும் என்றார் வைத்தியர். பிள்ளைகள் பயந்தார்கள். ஆச்சி பயப்படவில்லை. கட்டவிழ்த்த அன்று சாரதியும் போய் நின்றார். அவள் அவரை மேலுங் கீழுமாகப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

“நீ இவ்வளவு கறுப்பா மனே? குரலைக் கேட்டு நான் வெள்ளைப் பொடியன் எண்டெல்லோ நினைச்சிருந்தன்!”

இதனைச் சொல்லும்போது நம் சாரதி இன்றைக்கும் கொஞ்சம் வெட்கப்படுகிறார்.

ஏறாவூர்க் காக்கா ஒருவர் இதுவரை பேசாமல் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். இனித் தம்முடைய முறை என்று பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். அவருடைய கதை புணானைக் காட்டுக் கதை. புணானை என்றால் பழையவர்களுக்கு நினைவு வருவது ஆட்கொல்லிச் சிறுத்தை. அந்தப் பாதையிற் குறைந்தது பன்னிரண்டு பேரைக் கொன்ற அவ் விலங்கை 1924இல் ஷெல்ற்றன் ஏகர் என்னும் வெள்ளைக்காரக் கப்டன் சுட்டு வீழ்த்தினார். சிறுத்தையின் காலம் போய், லொறிக்காரர் காலத்தில் அங்கே அதிகாரம் செலுத்துவது யானை. நெல்லின் வாசத்துக்கு யானைக்குள்ள மூக்கு எந்த வரி அறவிடும் உத்தியோகத்தருக்கும் இல்லை என்பார் காக்கா.

ஓர் இரவு, புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் நடுவே, ரயர் வெடித்துவிட்டது. மாற்று ரயரும் முந்திய நாளே பஞ்சர். காக்கா அதை உருட்டி ஏற்றிக்கொண்டு, பின்னால் வந்த லொறியொன்றில் வெலிக்கந்தைக்குப் போனார். நெல் மூட்டைகளுக்குக் காவலாகக் கிளீனர் பையன், மேலே படங்கை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தான். படுத்தவன் தூங்கியும் போனான். நடுச்சாமத்தில் தலைமாட்டு மூட்டையை யாரோ இழுக்கிறார்கள். பையன் விழித்துக்கொண்டு மறு முனையைப் பிடித்து இழுத்தான். அவர்கள் இழுக்க, இவன் இழுக்க, “ஆரெண்டு எனக்குத் தெரியும், விடியட்டும், உன்ட வாப்பாட்டச் சொல்லிக் குடுக்கிறன்!” என்று ஒரு சத்தமும் போட்டான். பதிலுக்கு, ஈரமும் சூடுமாக ஒரு பெருமூச்சு அவன் கன்னத்தில் வந்து விழுந்தது. அதன் பிறகு அவன் மூட்டையையும் விட்டான், சத்தத்தையும் விட்டான், உயிர் மாத்திரம் போகவில்லை. படங்கின் கீழே மூச்சடக்கிக் கிடந்தவன், விடியற்காலையில் காக்கா வந்து எழுப்பியபோதுதான் தலையை நீட்டினான்.

இரண்டு மூட்டை குறைந்திருந்தது. காக்கா நேர்மையான மனிதர். கணக்குத் துண்டில் “யானைக்கு 2 மூட்டை” என்று எழுதி முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். “சரி, அடுத்த முறை அதுக்கிட்ட ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்க” என்று சொல்லிக் கையெழுத்திட்டாராம். அந்தக் கிளீனர் பையன் இன்றைக்கு இரண்டு லொறிகளுக்கு உரிமையாளர். எனினும், கன்னத்தில் ஈரத் துணி பட்டால் இப்போதும் துள்ளி எழுவான் என்கிறார் காக்கா. இது சற்று மிகையாக இருக்கலாம்.

இனி நாம் சொல்லப்போவது அவ்வளவு இலேசான கதையன்று. தொண்ணூறுகளில் அந்தப் பாதை திறந்திருந்த நாளும் உண்டு, மூடியிருந்த நாளும் உண்டு. திறந்திருந்தாலும் சோதனைச்சாவடிகளிற் சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கிக் காட்டி, மறுபடி ஏற்றவேண்டும். ஓரிரவுப் பிரயாணம் இரண்டு மூன்று நாட்களாக நீளும். நம் சாரதியின் மனைவிக்கு அப்போது நாலாவது பிரசவம். மூத்தவர் மூவரும் ஆண்கள். மா மூட்டைகளோடு கொழும்பிலிருந்து திரும்புகையில், பொலன்னறுவையில் வழக்கமாக நிற்கும் தேநீர்க்கடையில் அவருக்கென்று ஒரு செய்தி காத்திருந்தது: மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, உடனே வரவும்.

உடனே வருவது எப்படி? சாவடியில் அவருக்கு முன்னே பதினைந்து லொறிகள். நேர் முன்னே நின்றது குருநாகலைச் சேர்ந்த ஒரு சிங்களச் சாரதியின் வண்டி. நம்மவர் இறங்குவதும், ஏறுவதும், பாதையைப் பார்ப்பதுமாக இருந்த நிலையைக் கண்டு அவர் வந்து, “அய்யா, என்ன?” என்று கேட்டார். இங்கே ஒரு சொல் விளையாட்டைச் சொல்லவேண்டும். அத்தனை ஆண்டுகளாகச் சிங்களவர் தம்மை ‘அய்யா’ என்று அழைக்கும்போதெல்லாம், நம் தோற்றத்துக்கு இத்தனை மரியாதையா என்று உள்ளூர மகிழ்ந்திருந்தவர் இவர். அது அண்ணன் என்று பொருள்படும் சொல் என அறிந்தபோது சிறிது ஏமாற்றமாகத்தான் இருந்ததாம். அன்றைக்கு அந்த ஏமாற்றம் தீர்ந்தது.

இவருக்குத் தெரிந்த சிங்களம் தேநீருக்கும் ரயருக்கும் விலை கேட்கும் அளவு. அவருக்குத் தமிழ் அதனினுங் குறைவு. ஆயினும் ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. மற்றதை விளக்க நம்மவர் கையால் வயிற்றைக் காட்டினார். குருநாகல் சாரதி புரிந்துகொண்டார். புரிந்ததை முன்னேயுள்ள பதினாலு லொறிக்காரருக்கும் புரியவைக்க வேண்டுமே! தம் ஆசனத்துத் தலையணையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, இடுப்பில் ஒரு கை வைத்து, லொறிக்கு லொறி நடந்தார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று வரிசையில் எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் அந்த நடை விளங்கியது. ஒவ்வொரு வண்டியாக ஓரங்கட்டத் தொடங்கியது.

வரிசையின் தலைப்பை அணுகியபோதுதான் விபரீதம். சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஒருவன் சாவடியை நோக்கி வருகிறான்! அந்தக் காலத்தில் அதற்கு என்ன பொருள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். துப்பாக்கிகள் உயர்ந்தன. நில் என்ற சத்தம் எழுந்தது. நின்றார். இரு கைகளும் மேலே போயின; போகவே, பிடியை இழந்த தலையணை சட்டைக்குக் கீழாக நழுவி மெல்லப் பாதையில் விழுந்தது.

ஒரு கணம் எவரும் அசையவில்லை. பின்பு சிப்பாய்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை, விசாரித்தார். பதினாலு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு மொழியில் விடை சொன்னார்கள். சோதனை சோதனைதான், அதில் விலக்கு இல்லை. ஆனால், சாரதிகளும் கிளீனர்களுமாக முப்பது பேர் வரையில் கைகொடுக்க, ஒரு பகல் பிடிக்கும் மூட்டை இறக்கலும் ஏற்றலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன. “மா பறந்து எல்லாரும் வெள்ளையாப் போயிட்டம் ஐயா. ஆரு தமிழன், ஆரு சிங்களவன், ஆரு சோனகன் எண்டு எனக்கே தெரியல்ல” என்றார் நம் சாரதி.

அவர் ஆஸ்பத்திரிக்குள் அதே மாப் பூச்சோடு ஓடினார். தாதி தடுத்து நிறுத்தி, முகத்தைக் கழுவிவிட்டு வந்து பெண்பிள்ளையைப் பார்க்கும்படி கட்டளையிட்டாள். தாயும் பிள்ளையும் நலம். அடுத்த நடையில் குருநாகலுக்கு ஒரு தயிர்ச் சட்டி போயிற்று. அதன் பின்னர் சித்திரைப் புத்தாண்டு தோறும் எந்த லொறியிலாவது ஒரு பெட்டி கொண்டைப் பணியாரம் கல்லடிக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குக் குருநாகல் சாரதி தாமே வந்தார். கையிற் பரிசுப் பொதி, அதற்குள் இரண்டு தலையணை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பாட்டனாரின் முதுகிற் சாய்ந்து நின்றவள், நாம் புறப்பட எழுந்தபோது, “அம்மப்பா, மீன் பாடுமா எண்டு இந்த மாமாட்டக் கேட்டீங்களா?” என்றாள். நமக்குத் தப்ப வழியில்லை. அன்று நிலவும் இருந்தது. தெரிந்த மீன்பிடிகாரர் ஒருவருடைய தோணியில் சாரதி, பேத்தி, நாம் மூவருமாக ஏறி, பழைய பாலத்தின் நிழலிற் போய் நின்றோம். தோணிக்காரர் துடுப்பை நீரில் இறக்கினார். முதலிற் குழந்தை காதை வைத்தாள். கண்கள் விரிந்தன. “கேட்குது!” என்றாள் மெதுவாக, தந்திக் கம்பியைச் சுண்டினாற் போல் இருக்கிறதாம். நாமும் கேட்டோம். மீனோ, ஊரியோ, அது இருக்கிறது.

பிறகு பெரியவரின் முறை. குனிந்து, துடுப்பின் முனையைக் காதோடு பொருத்தி, கண்ணை மூடினார். முப்பத்தெட்டு ஆண்டுப் பாக்கி என்று நாம் மூச்சடக்கி இருந்தோம். அவ்வேளையிற் புதுப் பாலத்தின் மேலே ஒரு லொறி, நகரத்துப் பக்கமாகப் போயிற்று. பெரியவர் கண்ணைத் திறந்தார். துடுப்பை விட்டார். தலையை நிமிர்த்தி, லொறியின் சத்தம் தேயுமட்டும் கேட்டார். சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். ஓடும் சாரதிக்கு எடுக்கக் கூடாதென்று கிளீனருக்கு எடுத்தார்.

“தம்பி, இப்ப பாலத்தால போனது நீங்கதானே? பெல்ட் தளர்ந்து கிடக்கு. ஏறாவூரில நிப்பாட்டிப் பாருங்க. புணானைக்குள்ள அறுந்தா யானைதான் வந்து மாட்டித் தரும்...”

“உஸ்... அம்மப்பா, மீன்!” என்றாள் பேத்தி.